ஒரு வாரம் லீவு... ரெண்டு பேருக்கும்தானே?

பொங்கலை ஒட்டி கணவன், மனைவி இருவரும் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறீர்களா? 'வீட்டையும் சரி பண்ணணும், நாலு இடமும் பார்க்கணும்' என்று நினைக்கும் சென்னைவாசிகளுக்கு ஒரு யோசனை. ஒருநாள் வீட்டு வேலை, மறுநாள் ஊர் சுற்றல் என மாற்றி மாற்றி வையுங்கள்.

மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும் ஜனவரி, பெயின்ட் அடிக்க நல்ல நேரம். ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்து முடித்த மறுநாள் காலை வேடந்தாங்கல் கிளம்பிவிடலாம். சுமார் 80 கி.மீ. தூரம்தான்; பறவைகளுக்கும் அதுதான் சீசன். திரும்பி வருவதற்குள் பெயின்ட் வாடையும் குறைந்திருக்கும். அடுத்து மாமல்லபுரமா? காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம், கூட்டம் அள்ளும். அன்றைக்கு வீட்டில் ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள்.

சரி... பெயின்ட் சிந்திய தரையைத் துடைப்பது யார்? விடியற்காலையில் எழுந்து புளிசாதம் கட்டுவது யார்? இரண்டுக்கும் பதில் மனைவி என்றால், லீவு ஒருவருக்குத்தான், இன்னொருவருக்கு ஓவர்டைம்! டிரிப் நாளில் அடுப்புக்கும் லீவு விடுங்கள். வேலைப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? முதல் நாளே மாற்றி எழுதிவிடுங்கள்!