பேங்கர்மாரின் போனஸும் தொழிற் கட்சியின் பின்வாங்கலும்

போனஸ் என்ற சொல் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. தீபாவளி நெருங்கும்போது அதைப் பற்றிப் பேசாத குடும்பம் லயத்தில் இல்லை. ஆண்டு முழுவதும் வெட்டிய பாலுக்கும் எழுதிய கணக்குக்கும் மேலாக ஒரு சிறு தொகை கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை நாள் சம்பளம் என்பதே நமது கவலை. கேட்கப் போனால் முதலாளிமார் ரப்பர் விலையைக் காட்டுவார்கள். மழை நாட்களை எண்ணுவார்கள். நாமும் பேசிப் பேசி ஏதோ ஒன்றைப் பெற்று வருகிறோம்.

லண்டன் மாநகரில் வேறொரு போனஸ் உண்டு. பெரிய பேங்குகளில் பணத்தைப் புரட்டும் உயர் உத்தியோகஸ்தர்கள் பெறும் போனஸ் அது. ஆண்டுச் சம்பளத்தைப் போல் ஒரு மடங்கு, இரு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் போகும். இதற்கு ஓர் உச்சவரம்பு வேண்டுமா என்ற கேள்வியில் பிரிட்டிஷ் தொழிற் கட்சி நடந்துகொண்ட விதத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். தூர தேசத்து விவகாரம்தானே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அது 1900ஆம் ஆண்டில் தொழிற் சங்கங்கள் கூடிப் பெற்றெடுத்த கட்சி. பெற்றவர்களின் சொல்லைப் பிள்ளை எவ்வளவு தூரம் கேட்கிறது என்பது எல்லாத் தேசத்துச் சங்கத்தாருக்கும் பாடமாகும்.

முதலில் இந்த உச்சவரம்பு எப்படி வந்தது என்று பார்ப்போம். பேராசையோடு பால் வெட்டுகிறவனை நாம் அறிவோம். இன்றைக்கு அதிகப் பால் வேண்டும் என்று கத்தியை ஆழமாகப் போடுவான். வாளி நிறையும், தராசிலும் எடை ஏறும். ஆனால் பட்டைக்கு உள்ளே காயம் பட்ட மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்று வெட்டுக்கு அது உதவாது. ஆகவேதான் கங்காணி மரத்துக்கு மரம் காயம் பார்க்கிறார். காயம் கண்டால் வெட்டியவனைத்தான் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பதில்லை.

லண்டன் பேங்குகளில் காயம் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அந்தந்த வருஷத்து லாபத்துக்கு அந்தந்த வருஷமே போனஸ் என்றால், நாளைய நட்டத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்? 2008இல் அதன் பலன் தெரிந்தது. ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து அந்த ஒரே வருஷத்தில் 2,410 கோடி பவுன் நட்டம் காட்டியது. அது விழுந்தால் நாடே விழும் என்று அஞ்சி, மக்கள் வரிப்பணத்திலிருந்து 4,550 கோடி பவுனைப் போட்டு அரசாங்கம் அதைத் தூக்கி நிறுத்தியது. மறு வருஷம், 2009இல், அதே பேங்கு 360 கோடி பவுன் நட்டம் என்று கணக்குக் காட்டிக்கொண்டே ஏறக்குறைய 130 கோடி பவுனைப் போனஸாகப் பகிர்ந்தது. அரசாங்கம் தன் கடைசிப் பங்குகளை விற்றது 2025 மே மாதத்தில்தான். போட்டதில் ஏறக்குறைய 1,000 கோடி பவுன் திரும்பவில்லை. லாபம் வந்தால் அவர்களுக்கு. நட்டம் வந்தால் நாட்டுக்கு. இதுவே அந்தப் போனஸின் தர்மம்.

அப்போது ஆட்சியில் இருந்த தொழிற் கட்சி சும்மா இருந்தது என்று சொல்லமாட்டோம். நிதி மந்திரி அலிஸ்டேர் டார்லிங் 2009 டிசம்பரில், 25,000 பவுனுக்கு மேற்பட்ட போனஸ்களின் மீது பேங்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தார். ஆனால் அது ஒருமுறை வரியாகவே முடிந்தது. நிலையான உச்சவரம்பு ஐரோப்பிய யூனியனிலிருந்து வந்தது. 2014இல் அமலான அந்த விதிப்படி, போனஸ் ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது. பங்குதாரர்கள் ஒப்பினால் இரு மடங்கு வரை போகலாம். இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் அன்றைய கன்சர்வேட்டிவ் நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன். வழக்கு வெல்லாது என்று கண்டு 2014 நவம்பரில் அவரே அதைக் கைவிட்டார்.

ஐரோப்பிய யூனியனை விட்டுப் பிரிட்டன் விலகியது. 2022 செப்டம்பரில் மற்றொரு கன்சர்வேட்டிவ் நிதி மந்திரி குவாஸி குவார்ட்டெங், உச்சவரம்பை நீக்குவதாக அறிவித்தார். மக்கள் விலைவாசி ஏற்றத்தால் திண்டாடிய காலம் அது. அவருடைய திட்டத்தின் பெரும் பகுதி சில வாரங்களிலேயே குப்பைக்குப் போயிற்று. அவரும் பதவி இழந்தார். ஆனால் பேங்கர்களுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் பிழைத்தது! 2023 அக்டோபர் 31ஆம் தேதி உச்சவரம்பு நீங்கியது.

இவற்றையெல்லாம் தொழிற் கட்சி கண்டித்தது. ஆட்சியாளர் யார் பக்கம் நிற்கிறார்கள் பாருங்கள் என்று மக்களிடம் சொன்னது. மூன்றே மாதம் கழிந்தது. 2024 ஜனவரி முடிவில், அக்கட்சியின் நிதித் துறைப் பொறுப்பாளர் ரேச்சல் ரீவ்ஸ் அம்மையார், தாங்கள் ஆட்சிக்கு வந்தால் உச்சவரம்பைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணமில்லை என்று சொல்லிவிட்டார். அந்நாளில் அது சரியாக இருந்தது, இப்போது அது போய்விட்டது என்பதே அவருடைய விளக்கத்தின் சாரம். அவ்வாண்டு ஜூலையில் தொழிற் கட்சி ஆட்சிக்கு வந்தது. அவரே நிதி மந்திரியுமானார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உச்சவரம்பு இருந்த காலத்தில் பேங்குகள் நிலைச் சம்பளத்தை உயர்த்திக்கொண்டன. போனஸை நட்ட காலத்தில் குறைக்கலாம், சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஆகவே உச்சவரம்பால் ஆபத்துக் கூடுகிறது என்று பிரிட்டனின் நிதி மேற்பார்வை அதிகாரிகள் சொன்னார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலியில் ஓட்டை இருந்தால் ஓட்டையை அடைப்பதா, வேலியையே பிடுங்கி எறிவதா? சம்பளம், போனஸ் இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குக்குள் கொண்டுவரலாம். அல்லது டார்லிங் விதித்த வரியை நிலையாக்கலாம். இவற்றில் ஒன்றைச் சொல்லி உச்சவரம்பை விட்டிருந்தால் நமக்கு மனத்தாங்கல் இல்லை. மாற்று எதையும் வைக்காமல் கைகழுவியதே நமது குறை.

திறமைசாலிகள் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது மற்றொரு வாதம். இந்தப் பாட்டு நமக்குப் பழக்கமானது. கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவோம் என்று நமக்குச் சொல்லவில்லையா? நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கீழே இருப்பவனுக்குத் தரை போடுவதற்கு இத்தனை யோசனை. மேலே இருப்பவனுக்குக் கூரையே வேண்டாமாம்! இது என்ன நியாயம்?

தொழிற் கட்சி ஒன்றுமே செய்யாத கட்சி என்று நாம் எழுதவில்லை. பிரிட்டனில் 1999இல் நாடு முழுதுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது அதே கட்சிதான். அது செய்த நன்மையை மறந்தால் நாம் நன்றி கெட்டவர்கள். ஆனால் நன்றி வேறு, கண்மூடித்தனம் வேறு. ஏழைக்கு ஒரு கவளம் கூட்டுவதோடு ஒரு தொழிலாளர் கட்சியின் கடமை முடிவதில்லை. பிறர் பணத்தை வைத்துச் சூதாடுகிறவனைப் பார்த்து, போதும் நிறுத்து என்று சொல்லும் துணிவும் அதற்கு வேண்டும்.

நமது தோட்டங்களுக்கும் தேர்தல் காலத்தில் பல கட்சியினர் வருகிறார்கள். கோயில் திடலில் மேடை போடுகிறார்கள். எங்களுக்கு என்ன தருவீர்கள் என்று மட்டும் கேட்டு நாம் திருப்திப்பட்டு விடுகிறோம். மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வதற்கு என்ன வரம்பு வைப்பீர்கள் என்றும் இனிக் கேட்போம். கிடைக்கும் பதிலைக் கிளைச் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைப்போம். எதிர்க்கட்சியில் இருந்தபோது சொன்னதை ஆட்சியில் ஏறியபின் மறந்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவோம். காயம் பார்க்கும் கண் கங்காணிக்கு மட்டும் சொந்தமன்று. சங்கத்துக்கும் அது வேண்டும்.