செஞ்சிக்கு ஆணையின்றி வந்த பாஷை

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, சிவாஜியைப் பற்றியும் தேசிங்கு ராஜனைப் பற்றியும் நிரம்பப் பேசப்பட்டதே ஒழிய, அந்தக் கோட்டையின் வழியே இன்றைய விழுப்புரம் ஜில்லாவுக்குள் நுழைந்து, இங்கேயே குடியேறிவிட்ட ஒரு பாஷையை எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

1649இல் செஞ்சியைக் கைக்கொண்ட பீஜப்பூர் சைன்யத்தோடு வந்தது தக்கனி. டில்லி, மீரத் வட்டாரத்துப் பேச்சு, பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்புகளோடு தெற்கே இறங்கி, மராத்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் சாரத்தையும் உள்வாங்கி, பீஜப்பூர், கோல்கொண்டா அரசவைகளில் கவிதைக்குரிய பாஷையாக உயர்ந்துவிட்ட காலத்தில், அது பிறந்த டில்லியிலோ பாரசீகமே கோலோச்சிற்று. வடக்கே பக்திப் பாடல்கள் பிரஜ பாஷையிலும் அவதியிலும் ஒலித்தன. சுமார் 1700இல் வலி என்னும் தக்காணத்துக் கவிஞர் டில்லி சென்ற பின்னரே, தங்கள் தெருப்பேச்சிலும் உயர்ந்த கவிதை கூடும் என்பதை அந்நகரத்துப் புலவர்கள் உணரத் தலைப்பட்டனர். அந்தத் தக்கனியைத்தான் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள உருது முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் வீட்டிலே பேசி வருகின்றன. செஞ்சியை ஆண்டு, 1714இல் ஆற்காட்டு நவாபோடு பொருது மாண்ட தேசிங்கோ புந்தேல்கண்டத்து ராஜபுத்திரக் குடியினன். அந்நாட்டுப் புந்தேலியையும் இப்போது ஜனத்தொகைக் கணக்கில் இந்தியோடு சேர்த்தே எண்ணுகிறார்கள்.

நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று இன்று வற்புறுத்தப்படும் இந்தி, தக்கனியைவிட வயதில் மிக இளையது. கல்கத்தாவில் 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் லல்லு லால் முதலியோர் எழுதிய வசன நூல்களால் உருவம் பெற்று, 1881இல் பீகாரிலும், 1900இல் இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியிலும் சர்க்கார் உத்தரவுகளால் கச்சேரிப் படியேறியது அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 லட்சம் என்று காட்டப்பட்டாலும், இந்தியே தாய்மொழி என்று சொன்னவர்கள் 32 கோடியே 22 லட்சம் பேர்தாம். எஞ்சியோர் போஜ்புரி, ராஜஸ்தானி முதலான பாஷைகளுக்கு உரியவர்கள். இந்தி ஆணையால் பரவியதற்கு முதலில் விலை கொடுத்தவர்கள் வடநாட்டாரே என்பது என் அபிப்பிராயம்.

ஆணையால் பாஷையை வளர்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்த ஜில்லாவின் உத்தம புருஷர் ஒருவரும் ஆட்பட்டார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடியில் பிறந்து, சென்னை ராஜதானியின் பிரதமராகி, ஆலயப் பிரவேசத்துக்கும் தேவதாசி ஒழிப்புக்கும் சட்டம் கண்ட ராமசாமி ரெட்டியாரின் மந்திரி சபைதான் 1948இல் இந்தியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியாரோ, தமிழில் கலைக்களஞ்சியம் வெளிவர வேண்டுமென்று உழைத்தவர்; ஆகவே தமிழ்த் துவேஷம் என்று இதைத் தள்ளிவிட இயலாது. அந்தக் கட்டாயத்தை எதிர்த்த பெரியாரும் அண்ணாவும் சிறைப்பட்டார்கள். காங்கிரஸ் மரபில் வந்த திரு.வி.க.வும் ம.பொ.சி.யும்கூட எதிர்ப்பாளர் பக்கம் நின்றார்கள். 1950-51இல் கட்டாயம் விருப்பமாயிற்று. அதன் பின்னும் பாடம் கற்காமல் 1965இல் டில்லி சர்க்கார் இந்தியைப் புகுத்த மீண்டும் முயன்றதன் பயனாக, அன்று விழுப்புரம் வட்டாரத்தோடு ஒரே தென்னாற்காடு ஜில்லாவிலிருந்த சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

காந்தியடிகள் 1918இல் தோற்றுவித்த இந்திப் பிரசார சபையின் பரீட்சைகளை விரும்பி எழுதுவோர் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. விரும்பாதவரை இந்தி கற்கச் செய்வதற்காக டில்லி சர்க்கார் கல்வி நிதியை நிறுத்தி வைப்பது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நம்மவர் மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தலைமுறை தலைமுறையாக நம் அண்டை வீட்டில் வழங்கும் தக்கனியை, பள்ளியில் பயிலும் உருதுவின் திரிபு என்று அதைப் பேசுவோரே கூச்சப்படும்படி விட்டுவிட்டோம். செஞ்சி வட்டாரத்து மூதாட்டிகளிடம் இன்னும் எஞ்சியிருக்கும் தாலாட்டையும் கல்யாணப் பாட்டையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்து அச்சேற்றும் பொறுப்பை நம் பல்கலைக்கழகங்களுள் ஒன்று ஏற்கட்டும். இந்திப் பிரசாரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை டில்லி சர்க்கார் இதற்குத் தரலாம்.