ஃபேனை ‘டிரெக்ட்’ பண்ண முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருக்கும் சகோதரர்கள் பொறுமையாக முழுவதையும் வாசிக்கவும்.

எங்களுடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் காருக்கு ஹெட் போய்விட்டது. கடன் எடுத்து வாங்கிய கார். சம்பளத்தில் இன்னும் மாதாமாதம் வெட்டுப்படுகிறது. தொடக்கம் சின்ன விடயம்தான். ரேடியேட்டர் ஃபேன் ஒருநாள் சுற்றவில்லை. கராஜில் காட்டினார். “மோட்டர்ல பிழையில்ல சேர், டிரெக்ட் பண்ணித் தாறன்” என்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்சைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஆறு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒருநாள் அவருடைய தம்பி உம்மாவை அம்பாறைக்கு கிளினிக் கொண்டுபோகக் காரை எடுத்தார். அந்தச் சுவிட்சைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பொனட்டுக்குள் இருந்து ஆவி பறந்தது. தண்ணீர் கொதித்து, கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. உம்மா ஒரு மணித்தியாலம் ரோட்டோர வெயிலில் நின்றார். அல்ஹம்துலில்லாஹ், ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஃபேன் சுற்றாததற்கு என்ன காரணம் என்று அன்று ஒருவரும் தேடவில்லை. சுற்ற வைத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் பகுதியில் இது வழமையாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கார் வேகமாக ஓடும்போது முன்னால் இருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். சந்தையடி நெரிசலிலும், நின்றுகொண்டு எஞ்சின் ஓடும்போதும்தான் ஃபேன் தேவை. ஓடும்போது ஹீட் மீட்டர் சரியாக இருந்து, மெதுவாகப் போகும்போது மட்டும் முள் ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல் வர வேண்டும். அநேகமான கார்களில் தண்ணீர் 95 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது அல்லது தாண்டும்போது சென்சர் சொல்ல, ரிலே மின்னை விட, ஃபேன் தானாகச் சுற்றும். சூடு குறைந்ததும் தானாக நிற்கும்.

‘டிரெக்ட்’ பண்ணினால் இந்த ஒழுங்கு முழுவதும் போய்விடும். சுவிட்ச் போட மறந்தால் எஞ்சின் கொதிக்கும். சாவி போட்டவுடன் சுற்றும்படி இணைத்தால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெற்றோல் கூடுதலாகப் போகும், மோட்டரின் பிரஷும் சீக்கிரம் தேயும். எல்லாவற்றையும் விடப் பயங்கரம் வயர். 120 வாற்று மோட்டர் 12 வோல்ற்றில் 10 அம்பியர் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைவிடக் கூட. பியூஸும் ரிலேயும் இல்லாமல் மெல்லிய வயரில் அதைக் கொண்டுபோனால் வயர் உருகும், காரே தீப்பிடிக்கலாம்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள் கல்முனையில் இருந்து சொறிக்கல்முனைக்கு ஒரே காரில்தான் போய் வருகிறோம். போன வருடம் எங்கள் காருக்கும் இதே வருத்தம். கிட்டங்கியில் மெதுவாகும் போதெல்லாம் முள் ஏறியது. ஒரு கராஜில் “ஃபேன் செட்டையே மாத்தணும்” என்றார்கள். வாங்க முன் வீட்டில் ஒருக்கால் பார்ப்போம் என்று சனிக்கிழமை காலை பொனட்டைத் திறந்தோம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டோம். அநேகமான கார்களில் அப்போதே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. எஞ்சினை நிறுத்தி பியூஸைக் கழற்றிப் பார்த்தோம், எரியவில்லை. ஃபேன் பிளக்கைக் கழற்றி, பற்றரியில் இருந்து பியூஸ் போட்ட இரண்டு வயரை மோட்டருக்குக் கொடுத்தோம். நன்றாகச் சுற்றியது. அப்படியானால் மோட்டர் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் காரில் ஹோர்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே இலக்கம். இரண்டையும் இடம் மாற்றினோம். ஃபேன் சுற்றியது, ஹோர்ன் அடிக்கவில்லை! பழுதானது ரிலே. அதன் விலை ஃபேன் செட்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ரிலேயை மாற்றியும் சுற்றாவிட்டால் சென்சர், வயர், ஏர்த் இவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். பற்றரியில் நேரே கொடுத்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டர் பழுது. அப்போது மாற்றத்தான் வேண்டும். பாவித்த ஃபேன் வாங்கினால் காசு கொடுக்க முன் கடையிலேயே பற்றரியில் சுற்றிப் பாருங்கள். பூட்டிய பின் கிறிலுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் பூட்டும் ஃபேன் என்றால் தாள் உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் வயர் மாறிவிட்டது. கடைசியாக எஞ்சினை நிற்க ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றித் தானாக நிற்பதை இரண்டு தரம் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

சில எச்சரிக்கைகள். சில கார்களில் சாவியைக் கழற்றிய பின்னும் ஃபேன் திடீரென்று சுற்றும். கை வைக்க முன் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம், அமுக்கத்தில் இருக்கும் கொதிநீர் முகத்துக்கே அடிக்கும். கூலன்ட் நஞ்சு, இனிப்பாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் வயரைத் தொடக்கூடாது.

எங்கள் இடத்துக்கே உரிய காரணங்களும் உண்டு. மாரியில் கிட்டங்கித் தாம்போதி வெள்ளத்தால் காரை இறக்கி ஏற்றினால் ஃபேன் பிளக்குக்குள் தண்ணீர் போய்ப் பாசி பிடிக்கும். கடல் காற்றின் உப்பும் அதையே செய்யும். அறுவடைக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டரை அடைத்துவிடும். ஃபேன் சுற்றியும் சூடு ஏறினால் முதலில் அதைக் கழுவுங்கள், எஞ்சின் பக்கத்தில் இருந்து வெளியே, மெதுவான தண்ணீரில்.

இதை எழுதுவதால் மெக்கானிக் பாஸ்மாருக்கு நாங்கள் எதிரியில்லை. நல்ல பாஸ் காரணம் தேடித்தான் வேலை செய்வார். அவருக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டும். ஆனால் “கெதியா முடிச்சுத் தாங்க, குறைச்சு எடுங்க” என்று அவசரப்படுத்துவது நாங்கள்தான். ‘டிரெக்ட்’ என்பது எங்களுடைய அவசரத்துக்கு அவர்கள் கொடுக்கும் பதில். நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அப்படிச் செய்யலாம், அதுவும் பியூஸோடு. அடுத்த நாளே சரியாகத் திருத்த வேண்டும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தும் என்ன, புதுக் கார் விலை ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாது. இருக்கிற காரைத்தான் நாங்கள் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று, இது எங்களுக்கே சொல்வது. மின்காந்தமும் மின்வலுவும் வகுப்பில் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் வரைவிலக்கணத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு ரிலேயைக் கையில் கொடுத்தால் இது என்ன என்று கேட்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை வரை எங்களில் இரண்டு பேருக்கும் அது தெரியாது என்பதுதான் உண்மை. அந்தப் பழுதான ரிலேயை வீசவில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சுருளைக் காட்ட வகுப்புக்குக் கொண்டுபோனோம். அன்று பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகளும் எழும்பி முன்னுக்கு வந்தார்கள்.

அடுத்த தரம் பொனட்டைத் திறக்கும்போது வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். மகனை மட்டுமல்ல, மகளையும்.