கலிஃபோர்னியா காட்டுத்தீக்கு இந்தப் புதர்தான் காரணமா? 'சமீஸ்' செடியை அழித்தால் என்ன ஆகும்?

லாஸ் ஏஞ்சலிஸில் 2025 ஜனவரி 7-ம் தேதி தொடங்கிய பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீயில் 31 பேர் உயிரிழந்தனர். 16,000-க்கும் அதிகமான கட்டடங்கள் அழிந்தன. அதன்பிறகு, மலைச்சரிவுகளில் மண்டிக்கிடக்கும் புதர்களை மொத்தமா வெட்டித் தள்ள வேண்டும் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. வெட்டினா பிரச்னை தீர்ந்திடுமா?

சமீஸ் என்றால் என்ன?

தெற்கு கலிஃபோர்னியாவின் வறண்ட சரிவுகளில் நெருக்கமாக வளரும் புதர்க்காட்டுக்கு 'சப்பரல்' என்று பெயர். அதில் பரவலாகக் காணப்படும் செடி சமீஸ். ஊசி போன்ற குட்டி இலைகள், ஆண்டு முழுக்க மாறாத பச்சை. அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் மழை இல்லாவிட்டாலும் இந்தச் செடி தாக்குப்பிடிக்கும்.

தீயணைப்புத் துறை இதை ஏன் எடை போடுகிறது?

சமீஸ் இலையில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரம் குறைந்தால் வேகமாக எரியும். அதனால் சிறு கிளைகளை வெட்டி எடை போடுகிறார்கள். பிறகு சூட்டில் உலர்த்தி மறுபடியும் எடை போடுகிறார்கள். வெளியேறிய நீர், காய்ந்த செடியின் எடையில் எத்தனை சதவிகிதம் என்பதுதான் கணக்கு. வசந்த காலத்தில் இது 100-ஐயே தாண்டும். 60-க்கு இறங்கினால் அபாயம்.

2024 மே மாதத்துக்குப் பிறகு அந்தத் தீ வரை லாஸ் ஏஞ்சலிஸில் சொல்லும்படி மழை பெய்யவில்லை. அதோடு மணிக்கு 100 கி.மீ.-க்கு மேல் வீசிய சாண்டா ஆனா காற்றும் சேர்ந்துகொண்டது.

அப்போ குற்றவாளி சமீஸ்தானா?

பாதிதான் உண்மை. சமீஸ் நன்றாக எரியும், ஆனா தானாகப் பற்றாது. அங்கு தீ பிடிக்கப் பெரும்பாலும் மனிதர்களே காரணம்: மின்கம்பி, வாகனத் தீப்பொறி, தீவைப்பு.

எரிந்த சமீஸ் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். மண்ணில் கிடக்கும் விதைகளும் தீக்குப் பிறகு முளைக்கும். ஆனா அதற்கு அவகாசம் வேண்டும். 30 ஆண்டு இடைவெளி கிடைத்தால் காடு மீளும். பத்து ஆண்டுக்குள் திரும்பத் திரும்ப எரிந்தால் கட்டையும் சாகும், விதையும் தீரும்.

வெட்டினால் என்ன சிக்கல்?

காலியாகும் இடத்தை ஐரோப்பாவிலிருந்து வந்த புற்கள் பிடித்துக்கொள்ளும். அவை கோடை தொடங்கும்போதே காய்ந்துவிடும். சின்னத் தீப்பொறி போதும். அதாவது, தீ வரும் வாய்ப்பு குறையாது, கூடும்.

சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பதும் இந்த வேர்கள்தான். 2017 டிசம்பரில் தாமஸ் தீயில் புதர்க்காடு எரிந்தது. அடுத்த மாதமே பெருமழையில் மான்டெசிட்டோவில் சேறு பாய்ந்து 23 பேர் பலியானார்கள்.

வேறு என்ன வழி?

காற்றில் பறந்துவரும் தீக்கங்குகள் கூரை இடுக்கு, காற்றுத் துவாரம் வழியாக வீட்டுக்குள் போகின்றன. ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீட்டுக்கும் தாவும். அதனால்தான் வீட்டை ஒட்டிய முதல் 5 அடியில் எளிதில் தீப்பிடிக்கும் எதுவும் இருக்கக் கூடாது என்ற 'ஜோன் ஜீரோ' விதிக்கு 2020-ல் கலிஃபோர்னியா சட்டம் வழிசெய்தது. தீ விபத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில், விதிகளை விரைந்து முடிக்க ஆளுநர் கவின் நியூசம் உத்தரவிட்டார். வீட்டோரச் செடிகளை இழக்க விரும்பாத பலர் இதை எதிர்க்கிறார்கள்.

வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்வது வேறு, மலையையே மொட்டையடிப்பது வேறு. முதலாவது வீட்டைக் காப்பாற்றும். இரண்டாவது, அடுத்த தீயைச் சீக்கிரமே வரவழைக்கும்.