நாம சும்மா போட்ட அஞ்சு ஸ்டார், ஒரு அக்காவோட இபிஎஃப் காசு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அன்னதான விவரமோ உபயப் பட்டியலோ இல்லை. நம்ம தொண்டூழியர் குரூப்பில் இருக்கிறவங்க, முக்கியமா வீட்டை ரெனோவேஷன் செய்யணும்னு நினைக்கிறவங்க, தயவுசெய்து முழுசாப் படிங்க. படிச்சிட்டு என்னைத் திட்டணும்னா திட்டுங்க.

வெள்ளிக்கிழமை நம்ம கோயிலில் பூ கட்டுற அக்கா ஒருத்தர். பெயர் வேண்டாம். அவங்க அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுறேன். வேலை ஓய்வு பெற்று, இபிஎஃப் காசை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் சமையலறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டலாம்னு ஆசைப்பட்டாங்க. ஒரு கொண்ட்ராக்டர் 38,000 ரிங்கிட் சொன்னார். கையெழுத்துப் போட்ட அன்னைக்கே அறுபது விழுக்காடு, அதாவது 22,800 ரிங்கிட், கைமாறிடுச்சு. பின் சுவரை உடைச்சாங்க. நாலு தூணுக்குக் கம்பி நட்டாங்க. மூணாவது வாரத்தோட ஆளைக் காணோம். இப்போ அங்க சுவர் இருந்த இடத்தில் நீலக் கன்வாஸ் தொங்குது. மழை வந்தா தண்ணி ஹால் வரைக்கும் வருது. அக்கா முன்வாசலில் கேஸ் அடுப்பை வச்சு சமைக்கிறாங்க.

"ஏங்க்கா, விசாரிக்காமலா கொடுத்தீங்க?"ன்னு கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாங்க. "விசாரிச்சேன் தம்பி. கூகள்ல 4.9 இருந்துச்சு. உங்க பேரும் இருந்துச்சு."

என் பேரும் இருந்துச்சு. அஞ்சு ஸ்டார், நல்ல சேவை, நம்பிக் கொடுக்கலாம்னு ஒரு வரி. அந்த ஆள் என் வீட்டில் ஒரு ஆணி கூட அடிச்சதில்லை. போன வருஷம் ஒரு நாள் அன்னதானத்துக்கு உபயம் கொடுத்தார். அன்னைக்குச் சாயந்திரம் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது: "நம்ம ஆளு, புதுசா கம்பெனி ஆரம்பிச்சிருக்கார், எல்லாரும் ஒரு அஞ்சு ஸ்டார் தட்டி விடுங்க." நானும் தட்டி விட்டேன். நிமிஷம் கூட ஆகல. நம்ம குரூப்பில் இன்னும் பல பேர் தட்டி விட்டோம். நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

பொய் ரிவியூன்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வருது? எங்கேயோ வெளிநாட்டில் ஒரு ரூம்ல உட்கார்ந்து காசுக்கு எழுதுற கும்பல். அப்படியும் நடக்குது, மறுக்கல. ஆனா அக்காவை ஏமாத்துனது அந்தக் கும்பல் இல்லை. தெரிஞ்ச பேர் இருந்ததாலதான் அவங்க நம்பினாங்க. முகம் தெரியாத நூறு பேர் எழுதினதை விட, பக்கத்தில் நின்னு பிரசாதம் கொடுக்கிற ஒருத்தன் எழுதின ஒரு வரிக்கு எடை அதிகம். அந்த எடையைத்தான் நாம ஒரு நாள் சாப்பாட்டுக்கு வித்தோம். ரிவியூக்குப் பதிலா காசோ இலவசமோ தள்ளுபடியோ கொடுக்கக் கூடாதுன்னு கூகள் விதியே இருக்கு. நாம யாரும் அதைப் படிச்சுப் பார்க்கலை. ஆனா செய்யாத வேலைக்குச் சாட்சி சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க எந்த விதியும் படிக்க வேண்டாமே.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நம்ம கோயில் மடப்பள்ளிக்குக் கூரை மாத்தினப்போ என்ன செஞ்சோம்? மூணு இடத்தில் விலை கேட்டோம். நிர்வாகத்திலிருந்து ஆள் போய், அவங்க முன்னாடி செஞ்ச வேலையை நேரில் பார்த்துட்டு வந்தாங்க. வேலை முடிய முடியத்தான் காசு கொடுத்தோம். பத்து ரிங்கிட் அர்ச்சனைக்கே ரசீது கிழிக்கிற இடம் இது. அதே நாம, ஆயுசு முழுக்கச் சேர்த்த காசை வீட்டுக்குச் செலவு செய்யும்போது போனில் ஸ்டாரை எண்ணிட்டுக் கொடுத்துடுறோம்.

அந்த ஆளோட பக்கத்தை இப்போ பொறுமையா உட்கார்ந்து படிச்சேன். மொத்தம் 41 ரிவியூ. அதில் 19 ஒரே ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருக்கு. சமையலறை நீட்டுற வேலை மாசக்கணக்கில் இழுக்கும். ஒரு லோரி, நாலு வேலையாள் வச்சிருக்கிறவர் ரெண்டு வாரத்தில் 19 வீட்டை எப்படி முடிச்சார்? நேர்மையான ஆளும் பழைய வாடிக்கையாளர் எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம், அப்பவும் தேதி குவியும். அதனால தேதியை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா கேள்வி கேட்க அது போதும்.

அடுத்தது, என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. "நல்ல வேலை, வேகமான சேவை, சிபாரிசு செய்கிறேன்." இதை முடிதிருத்தும் கடைக்கும் எழுதலாம், கார் கழுவுற இடத்துக்கும் எழுதலாம். உண்மையிலேயே வீட்டை உடைச்சுக் கட்டினவங்க அப்படி எழுத மாட்டாங்க. தூசியைப் பத்திப் புலம்புவாங்க. டைல்ஸ் நிறம் மாறி வந்த கதை சொல்லுவாங்க. ஒரு வாரம் தாமதம், ஆனா கடைசியில் வந்து முடிச்சுக் கொடுத்தார்னு எழுதுவாங்க. குறையும் நிறையும் கலந்த மூணு ஸ்டார், நாலு ஸ்டார் ரிவியூவை முதலில் படிங்க. உபயோகமான தகவல் பெரும்பாலும் அங்கதான் கிடைக்கும்.

எழுதினவர் பேரைத் தட்டிப் பாருங்க. மறைச்சு வைக்காதவரா இருந்தா, அவர் வேற எங்கெல்லாம் எழுதியிருக்கார்னு தெரியும். ஒரே வாரத்தில் ஜோகூரில் பல் டாக்டர், ஈப்போவில் ஏர்கோன் கடை, கோத்தா பாருவில் கொண்ட்ராக்டர், எல்லாத்துக்கும் அஞ்சு ஸ்டார்னா அவர் எந்த ஊரில் குடியிருக்கார்? படங்களையும் விடாதீங்க. நம்ம ஊர் தெரஸ் வீட்டுச் சமையலறையில் குளிர் காயும் அடுப்பு எதுக்கு? சந்தேகமா இருந்தா கூகள் லென்ஸில் போட்டுப் பாருங்க, அந்தப் படம் வேற எங்கிருந்து வந்ததுன்னு பல நேரம் காட்டிக் கொடுத்துடும்.

ஒரு ஸ்டாரையும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. போட்டிக்காரன் எழுதுறதும் உண்டு, பாக்கிக் காசைக் கொடுக்காமல் மிரட்டுறதுக்கு எழுதுற வாடிக்கையாளரும் உண்டு. கொண்ட்ராக்டர் அதுக்கு எப்படிப் பதில் சொல்றார்னு கவனிங்க. எந்த வேலை, என்ன தகராறு, எப்படிச் சரி செஞ்சோம்னு விவரமா சொல்றாரா? இல்ல, "வக்கீல் நோட்டீஸ் வரும்"னு மிரட்டுறாரா?

இன்னொண்ணு, ரிவியூ எப்போ எழுதினது? சாவி கையில் கொடுத்த அன்னைக்கு எல்லா வேலையும் அழகாத்தான் இருக்கும். அக்டோபர், நவம்பர் மழை வந்தாத்தான் கூரை ஒழுகுதா, பழைய சுவரும் புதுச் சுவரும் சேர்ற இடத்தில் விரிசல் விட்டிருக்கான்னு தெரியும். ஒரு வருஷம் கழிச்சு வந்து "இன்னும் ஒழுகல"ன்னு எழுதுற ஒருத்தர், முதல் நாள் ஸ்டார் தட்டின இருபது பேருக்குச் சமம்.

இவ்வளவு பார்த்தாலும் போதாது. இப்போ ஏஐ கிட்ட சொன்னா தூசி, டைல்ஸ், தாமதம் எல்லாம் சேர்த்து அருமையா எழுதிக் கொடுத்துடும். அதனால ரிவியூவை வச்சு யாரைக் கூப்பிட்டு விலை கேட்கலாம்னு மட்டும் முடிவு செய்யுங்க. காசு கொடுக்கிற முடிவுக்கு வெளியே வந்து விசாரிக்கணும்.

எஸ்எஸ்எம் பதிவு எண்ணைக் கேளுங்க. புது முறையில் அது 12 இலக்கம், முதல் நாலு இலக்கம் பதிவான ஆண்டு. "பதினைஞ்சு வருஷ அனுபவம்"னு சொல்ற கம்பெனியோட எண் 2024-ல் ஆரம்பிச்சா, அந்தப் பதினைஞ்சு வருஷம் எங்க, எந்தப் பேரில் இருந்தீங்கன்னு கேட்கலாம். கட்டுமான வேலை செய்யுற கொண்ட்ராக்டர் சிஐடிபியில் பதிஞ்சிருக்கணும். அது 1994-ம் ஆண்டுச் சட்டம். ஜி1 முதல் ஜி7 வரை தரம் உண்டு, பேரை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். வீட்டை நீட்டிக் கட்ட நகராண்மைக் கழக அனுமதி யார் எடுக்கப் போறாங்கன்னு கேளுங்க. "அதெல்லாம் தேவையில்லக்கா"ன்னு சொன்னா அந்த இடத்திலேயே எழுந்துடுங்க. கடைசியா, ஒரு வருஷத்துக்கு முன்னாடி முடிச்ச ரெண்டு வீட்டைக் காட்டச் சொல்லுங்க. நேரில் போங்க. வீட்டுக்காரம்மா கிட்ட தனியாப் பேசுங்க.

இதை நேத்து குரூப்பில் சொன்னதுக்கு ஒருத்தர், "நம்ம ஆளு ஒருத்தன் முன்னேறினா உங்களுக்கு ஏன் வலிக்குது?"ன்னு கேட்டார். அண்ணே, நம்ம ஆளுங்க நிறைய பேர் நேர்மையா இந்த வேலை செய்யுறாங்க. வெயிலில் நின்னு, சொன்ன தேதிக்கு முடிச்சுக் கொடுத்து, வருஷத்துக்கு நாலு ரிவியூ வாங்குறாங்க. 41 வச்சிருக்கிறவருக்குக் கீழே அவங்க பேர் போயிடுது. அவங்க வயித்தில் அடிச்சது நாமதான். அக்காவும் நம்ம ஆளுதானே? அவங்க மட்டும் எப்படி அந்தக் கணக்கில் சேராமல் போனாங்க?

இன்னொருத்தர், "ஒரு ஸ்டார்ல என்ன இருக்கு"ன்னு சொன்னார். ஒண்ணுமில்லைன்னா அந்த ஆள் ஏன் அன்னதானம் போட்டு வாங்கினார்?

அக்கா இப்போ பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்காங்க. கட்டணம் அஞ்சு ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், வக்கீல் தேவையில்லை, மூணு வருஷத்துக்குள்ள போகணும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் அதை நிறைவேற்றாமல் விட்டா குற்றம். ஒப்பந்தம், பேங்க் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எல்லாத்தையும் அச்செடுத்து அடுக்கிக் கொடுத்திருக்கோம். உங்க வீட்டில் யாராவது இதே நிலைமையில் இருந்தா வெட்கப்பட்டு ஒளிச்சு வைக்காதீங்க, என்கிட்ட சொல்லுங்க, மனு எழுத நான் உட்காருறேன்.

என் ரிவியூவை நேத்து ராத்திரி அழிச்சிட்டேன். அழிக்கிறதுக்கு முன்னாடி அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பி, "இது பொய்யா எழுதினதுக்கா, அவர் எனக்கு எந்த வேலையும் செய்யலை"ன்னு எழுதிக் கொடுத்தேன். தேவைப்பட்டா தீர்ப்பாயத்திலும் வந்து சொல்லுவேன்.

மத்தவங்களும் இன்னைக்கே போய் அழிச்சிடுங்க. இனிமேல் குரூப்பில் யாராவது "ஒரு அஞ்சு ஸ்டார் தட்டி விடுங்க"ன்னு கேட்டா, "உங்க வேலையைப் பார்த்ததில்லையே"ன்னு ஒரே ஒரு பதில் போடுங்க. நிஜமா உங்க வீட்டில் நல்லா வேலை செஞ்சு கொடுத்த ஆள் இருந்தா, அவரைப் பத்தி நாலு வரி விவரமா எழுதுங்க. என்ன வேலை, எவ்வளவு நாள், எது சரியில்லை, எது நல்லா இருந்தது, மழைக்கு அப்புறம் எப்படி இருக்கு. அதை யாரும் கேட்க வேண்டாம், நாமே செய்யலாம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் அக்கா வீட்டுக்குப் போறோம். அந்தத் திறந்த இடத்துக்குத் தற்காலிகமா ஜிங் தகடு அடிக்கணும். ஏணி, டிரில் வச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க. ஸ்டார் போட்டவங்க கட்டாயம் வாங்க.