எந்த அட்டை?

மடிக்கணினிக்கு 'டாங்கிள்' எனும் இணைய அட்டை வாங்கப் போகும் தோழர்கள், எந்தக் கம்பெனி மலிவு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மலிவு எத்தனை நாளைக்கு? 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் இரண்டே நாளில் கட்டணத்தை ஏற்றினவே! போட்டி, போட்டி என்று முழங்கினார்களே, அது எங்கே போயிற்று?

விலையைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொதுத்துறை பி.எஸ்.என்.எல். ஏன் பின்தங்கியது? ஜியோ 4ஜியோடு சந்தைக்கு வந்தது 2016-ல். பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை தர மத்திய சர்க்கார் முடிவெடுத்ததோ 2019 அக்டோபரில்! கூடவே விருப்ப ஓய்வுத் திட்டம்; 2020 ஜனவரி முடிவில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். காலைக் கட்டிப் போட்டவர்களே, ஓடத் தெரியவில்லை என்று ஏசினார்கள். நாடு தழுவிய 4ஜி துவங்கியது 2025 செப்டம்பரில்தான்.

ஆகவே, ஒரே கம்பெனியின் சிம்மோடு பூட்டிய டாங்கிளை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எந்த சிம்மையும் ஏற்கும் அட்டையாக வாங்குங்கள். அதில் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டா என்று கேளுங்கள், பி.எஸ்.என்.எல். 4ஜி பெரும்பாலும் அவற்றில்தான் ஓடுகிறது. உங்கள் தெருவில் டவர் எட்டுகிறதா என்று ஒரு தோழரின் போனில் முதலில் சோதியுங்கள். பல இடங்களில் இன்னும் சரியாக எட்டுவதில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே இன்றைக்குத் தனியார் சிம் போடுங்கள். டவர் வந்ததும் சிம்மை மட்டும் மாற்றினால் போதும்.