நனைந்த வண்டியை உதைக்காதீர்கள்!

ஜூன் பிறந்து நாலு பெருமழை கொட்டிவிட்டால் மும்பையில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். சயான், குர்லா, கிங் சர்க்கிள் பக்கங்களில் இரவு இடுப்பளவு நின்ற தண்ணீர் காலையில் வடிந்திருக்கும். கட்டடத்து ஆண்கள் எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள். சேற்றில் நிற்கும் ஸ்கூட்டரை ஆளுக்கு ஆள் உதைக்க ஆரம்பிப்பார்கள். "ஸ்டார்ட் ஆகுதான்னு பாத்துடுவோம்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் வெள்ளத்தை விட அதிக வண்டிகளைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். டிப்ளமோ முடித்து, மின்சார ரயில் பராமரிக்கும் கார்ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிய டிராக்ஷன் மோட்டார் ஷெட்டுக்கு வந்தால், அதற்கு உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் அங்கே கிடையாது. கழுவி, உலர்த்தி, மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து, அளவு சரியாக வந்த பிறகே மின்சாரம். மேலதிகாரி எத்தனை முறை போன் செய்தாலும் இந்த வரிசை மாறாது. லட்சக்கணக்கானோர் ஏறும் வண்டிக்கு இருக்கும் இந்தப் பொறுமை, நம் குடும்பத்தைச் சுமக்கும் வண்டிக்கு ஏன் கூடாது?

காரணத்தை எளிதாகச் சொல்கிறேன். காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. 110 சி.சி. ஸ்கூட்டரில் பிஸ்டன் மேலே போய் நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 13 சி.சி. மட்டுமே. ஒரு மேஜைக்கரண்டித் தண்ணீருக்கும் குறைவு! அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லை. மெதுவாக உதைத்தால் கிக்கர் கல் மாதிரி நின்றுவிடும். பலமாக இயக்கினால் கனெக்டிங் ராடு வளையும். கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இன்னும் மோசம். ஓடுகிற சக்கரத்தின் வேகம் முழுவதும் அந்த ராடின் மேல்தான் இறங்கும். ஓடும் வண்டியைத் தேங்கிய தண்ணீருக்குள் விடுவதும் இதே ரகம்தான்.

"நீங்கள் ஓய்வு பெற்றவர், உட்கார்ந்து யோசிக்கலாம். நான் எட்டு மணிக்குள் போகாவிட்டால் பிழைப்பு போச்சு" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தோடு புறப்படுகிறவருக்கும், பார்சல் கொண்டுபோகும் பிள்ளைக்கும் வண்டிதான் கடை, வண்டிதான் முதல். அதனாலேயே சொல்கிறேன்: ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். எஞ்சினைப் பிரித்துக் கூட்டும் நிலை வந்தால் ஒரு மாதச் சம்பாத்தியம் போகும். வெள்ளத்துக்குப் பிறகு மெக்கானிக் கடையில் வரிசையும் நீளம். அவசரம் உள்ளவர்தான் அவசரப்படக் கூடாது.

பொறுமை என்றால் வண்டியை ஒரு வாரம் அப்படியே போட்டுவைப்பது என்று அர்த்தமில்லை. உப்பங்கழித் தண்ணீர் கலந்த சேறு பேரிங்கில் துருவை ஏற்ற அதிக நாள் எடுக்காது. ஆகவே இயக்காதீர்கள், ஆனால் வேலையை அன்றே ஆரம்பியுங்கள்.

முதலில் சாவியைக் கழற்றுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. சாவியைத் திருப்பினாலே டாங்கிக்குள் இருக்கும் பம்ப் ஓடி, அடியில் தங்கிய தண்ணீரை இழுத்து இன்ஜெக்டருக்கு அனுப்பிவிடும். பிறகு பாட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். நல்ல தண்ணீரால், அழுத்தமில்லாமல், வெளிச் சேற்றைக் கழுவுங்கள். கையுறையும் ரப்பர் செருப்பும் அவசியம். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், 2005 வெள்ளத்துக்குப் பின் இந்நகரம் அதை அனுபவித்தது.

அடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறவுங்கள். உள்ளே ஈரமோ சேறோ இருந்தால் எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது என்றே கொள்ளுங்கள். காகித ஃபில்டரைக் காயவைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரைத் தள்ளி வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மெதுவாகக் கிக் செய்யுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தத் துவாரம் வழியாகத் தெறித்து வெளியேறும். பிறகு ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை அதே துவாரத்தில் விட்டு நாலு முறை சுழற்றுங்கள்.

ஆயிலை இறக்கும்போது ஒரு விஷயம். ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இயக்காத எஞ்சினில் தண்ணீர் கலக்காமல் அடியில் தனியே நிற்கும். குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் சுத்தமாகவே தெரியும். அதை நம்பாதீர்கள். கீழே உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும். புது ஆயில் ஊற்றி, எல்லாம் சரியாக இருந்து வண்டி ஸ்டார்ட் ஆனால், சில நிமிடம் ஓடவிட்டு அதையும் இறக்கிவிட்டு மறுபடி புது ஆயில் ஊற்றுங்கள். ஸ்கூட்டருக்குப் பின் சக்கரத்தருகே கியர் ஆயில் தனியாக உண்டு, அதை மறந்துவிடுகிறோம். பெல்ட் பெட்டியையும் பிரேக் டிரம்மையும் திறந்து துடைக்காமல் சாலைக்குப் போகாதீர்கள். பெட்ரோலை முழுவதுமாக இறக்கிவிடுவதே நல்லது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மேலாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. மூழ்கிய பாட்டரியைத் திறக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். லித்தியம் பாட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். 'ஐ.பி. 67' என்று விளம்பரத்தில் இருந்தால், 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்றுதான் பொருள். ராத்திரி முழுதும் சாக்கடைத் தண்ணீரில் நிற்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. திறந்த வெளியில் நிறுத்திவிட்டுக் கம்பெனியை அழையுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுப் பாலிசி கட்டாயம் என்பதால், ஐந்து ஆண்டும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஐந்து ஆண்டும் மூன்றாம் நபருக்கு மட்டுமே. நம் வண்டிக்கு வெள்ளத்தால் வரும் சேதத்தை ஈடுகட்டும் பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். அதை நாமே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பகுதி இருந்தாலும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யப் போய் எஞ்சின் உடைந்தால் 'அது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல' என்று சொல்லிப் பணம் தர மறுக்க இடமுண்டு. எனவே தண்ணீர் மட்டம் தெரிய ஒரு போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பிறகு வண்டியைத் தொடுங்கள்.

இது மும்பைக்கு மட்டுமான கதையும் அல்ல. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. 2023 டிசம்பரில் நம்மில் பலருக்குச் சொந்த ஊர்ப்பக்கமான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர். தாமிரபரணிக் கரையில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் இதைப் போனில் சொல்லிவையுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறோம், மகிழ்ச்சி. மே மாத ஞாயிறு ஒன்றில், பழைய ஸ்கூட்டர் ஒன்றை நடுவில் நிறுத்தி, பிளக் கழற்றுவது, ஆயில் இறக்குவது ஆகிய இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, கைப்பட சொல்லிக்கொடுப்போம். ஒவ்வொரு சொசைட்டியிலும், சாலிலும் ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு புனல், ஒரு ஆயில் தட்டு, இரண்டு லிட்டர் ஆயில் பொதுவில் இருக்கட்டும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுப்போம். அடைத்த சாக்கடைதானே தண்ணீரை நம் வாசலுக்குக் கொண்டுவருகிறது! பெருமழை எச்சரிக்கை வந்த அன்றே வண்டிகளை மேட்டுக்கு ஏற்ற, கட்டடத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். இன்னும் இரண்டு பேர் கைகொடுத்தால் போதும்.